ஒரு சிறுவனுக்கு ஒரு பனிநாள்

(குழந்தை இலக்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



குழந்தைகளுக்கான எழுத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பட்டியல் போடத் தோன்றும். நூறு பெயர்களைச் சொல்லலாம். எதைப் பற்றியும் பத்து வரிக்கு மேல் பேச நேரம் இருக்காது. ஆகவே இன்று ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். 32 பக்கம் கொண்ட படப்புத்தகம். அமெரிக்காவில் வைக்கிங் பதிப்பகம் 1962இல் வெளியிட்டது. பெயர் ‘தி ஸ்னோயி டே’. எழுதி, வரைந்தவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ்.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் பொது நூலகம், தன் 125ஆம் ஆண்டையொட்டி, தொடங்கிய நாள் முதல் வாசகர்கள் மிக அதிகமாக இரவல் எடுத்துச் சென்ற பத்து நூல்களின் பட்டியலை வெளியிட்டது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ அதில் உண்டு. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, முதலிடத்தில், 4,85,583 முறை இரவல் போன புத்தகமாக இருந்தது ‘தி ஸ்னோயி டே’. சிவப்பு அங்கி போட்ட ஒரு கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிற கதை, பெரியவர்களின் பெரிய நாவல்களையெல்லாம் தாண்டி நின்றது. இது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகம் ஒரு குழந்தைக்கு எதையும் போதிக்கவில்லை. ஒரு முழு நாளை அதன் கையில் கொடுத்தது. அந்த நாளைப் பெற அதுவரை அனுமதிக்கப்படாமல் இருந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்தது. அதனால்தான் நிலைத்தது.

புரூக்ளினில் ஒரு பையன்

கீட்ஸ் 1916 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். போலந்திலிருந்து குடிவந்த யூதப் பெற்றோரின் மூன்றாவது பிள்ளை. வீட்டில் வைத்த பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். அப்பா பெஞ்சமின் காட்ஸ், கிரீனிச் வில்லேஜில் ஒரு காபிக் கடையில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். கையில் காசு இல்லாத வீடு.

சின்ன வயதில் இந்தப் பையன் சமையலறை மேசைமேல் முழுக்கப் படம் வரைந்துவிட்டான். அடி விழும் என்று பயந்துகொண்டிருந்தவனை அம்மா திட்டவில்லை. ரசித்துப் பார்த்தார். துடைத்து அழிக்க மனம் வராமல், வெள்ளிக்கிழமை இரவுக்கென்று வைத்திருந்த நல்ல மேசைவிரிப்பை எடுத்து அதன்மேல் மூடி வைத்தார். அண்டை வீட்டுப் பெண்கள் வந்தால் விரிப்பை நீக்கிக் காட்டுவார்.

அப்பா வேறு மாதிரி. ஓவியம் சோறு போடாது என்று மகனிடம் ஓயாமல் சொல்வார். ஆனால் அவ்வப்போது வண்ணக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். பட்டினி கிடக்கும் ஓவியன் ஒருவன் ஒரு கிண்ணம் சூப்புக்குப் பதிலாகக் கொடுத்தான் என்பார். அது மகனுக்காக அவர் தன் காசில் வாங்கியது.

1935 ஜனவரியில், மகனின் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்தைய நாள், பெஞ்சமின் மாரடைப்பில் இறந்தார். உடலை அடையாளம் காட்டப் போனவன் அந்தப் பையன்தான். அப்பாவின் பர்ஸைத் திறந்து பார்த்தபோது உள்ளே பழுப்பேறிய, மடிப்பில் கிழிந்துபோன செய்தித்தாள் துண்டுகள் இருந்தன. அத்தனையும் மகன் ஓவியத்துக்காக வாங்கிய பரிசுகளைப் பற்றிய செய்திகள். வாயால் ஒருநாளும் சொல்லாத பெருமையை அந்த மனிதர் பர்ஸில் வைத்துச் சுமந்திருக்கிறார்.

கலைக் கல்லூரிகள் அளித்த உதவித்தொகையை ஏற்கக் குடும்ப நிலை இடம் தரவில்லை. பகலில் வேலை, கிடைத்தபோது ஓவிய வகுப்பு. பெருமந்தக் காலத்தில் அரசாங்கத் திட்டத்தின் கீழ் சுவரோவியம் தீட்டினார். காமிக்ஸ் புத்தகங்களுக்குப் பின்புலக் காட்சிகள் வரைந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படைக்காக உருமறைப்பு வடிவங்கள் தயாரித்தார். போர் முடிந்து வந்து பார்த்தால், யூதப் பெயரோடு வேலை தேடுவது கடினமாக இருந்தது. 1947இல் சட்டப்படி எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். பிறப்பினால் ஒதுக்கப்படுவது என்னவென்று நேரில் அறிந்தவர் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1954 முதல் மற்றவர்கள் எழுதிய குழந்தை நூல்களுக்குப் படம் வரைந்தார். ஆண்டுக்கணக்கில் அந்த வேலை செய்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவரிடம் வந்த கதைகளில் கறுப்பினக் குழந்தை நாயகனாக வந்ததே இல்லை. வந்தாலும் பின்வரிசையில், துணைக்கு நிற்கிற ஆளாக வந்தது. புரூக்ளின் தெருவில் தினமும் ஓடி விளையாடும் பிள்ளைகள் அச்சிட்ட பக்கத்துக்குள் வரவில்லை.

சுவரில் இருந்த நான்கு படங்கள்

1940 மே மாத ‘லைஃப்’ இதழில் நான்கு புகைப்படங்கள் வந்தன. ஜார்ஜியா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் ரத்தப் பரிசோதனைக்கு நிற்கிறான். ஊசிக்கு முன் அவன் முகத்தில் இருந்த துணிச்சல், பிறகு வந்த வியப்பு, வலி எல்லாம் அந்த நான்கு படங்களில் பதிவாகியிருந்தன. கீட்ஸ் அவற்றைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார். அந்தச் சிறுவனின் முகபாவமும், உடலின் நிற்கும் வாகும், உடுப்பு உடம்பில் படிந்த விதமும் அவரைப் பிடித்துக்கொண்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துண்டுகள் அவரோடு இருந்தன. தானே எழுதி வரையும் முதல் புத்தகத்துக்கு வாய்ப்பு வந்ததும் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டினார். ஊசிக்கு நின்ற அந்தச் சிறுவன் பனியில் விளையாடப் போகும் பீட்டர் ஆனான்.

ஒரு ஓவியர் யார் முகத்தை இருபது ஆண்டு பாதுகாத்து வைக்கிறார் என்பதில் அவர் மனம் தெரியும். இது ஒரு கொள்கையை நிரூபிக்கத் தேடிப் பிடித்த பாத்திரம் அன்று. அந்தக் குழந்தையைப் பார்த்துப் பிடித்துப்போய், அவனுக்கு ஏற்ற கதை அமையும்வரை ஒருவர் காத்திருந்தார்.

பனி எதனால் ஆனது?

இனி புத்தகத்தின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

அதற்கு முன் கீட்ஸ் பெரும்பாலும் வண்ணம் தீட்டித்தான் வரைந்துவந்தார். இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் தொடங்கினார். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துண்டுக் காகிதங்களை ஒட்டலாம் என்று நினைத்தார். ஒன்றை ஒட்டியதும் அடுத்ததும் அதையே கேட்டது. முடிவில் புத்தகம் முழுவதும் கொலாஜ் ஆகிவிட்டது. ஜப்பான், இத்தாலி, ஸ்வீடன் என்று பல நாட்டுக் காகிதங்கள் அதில் உண்டு. கட்டிலில் விரித்த துணிக்கு, ஓவியர்கள் பயன்படுத்தும் பெல்ஜியம் கேன்வாஸ் கிடைத்தது. அம்மாவின் கட்டம்போட்ட உடை, அலமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுத்துணியிலிருந்து வெட்டியது. ஈர மைமேல் வெள்ளை வண்ணத்தை உருட்டிப் பனிப்பரப்பைக் கொண்டுவந்தார். அழிரப்பரைச் செதுக்கி முத்திரை செய்து, வண்ணத்தில் தோய்த்துப் பக்கத்தில் ஒற்றியெடுத்தார், அவையே பனித்துகள்கள். பீட்டர் தூங்கப் போகும் பக்கத்தின் சாம்பல் நிறப் பின்னணிக்கு, பல் துலக்கும் பிரஷ்ஷில் இந்தியன் இங்கைத் தொட்டுத் தெறித்தார்.

இந்த விவரங்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. துணி, காகிதம், ரப்பர், பிரஷ் எல்லாம் ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் பொருள்கள். இந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்துக்கொண்டு தாங்களும் ஒட்டிப் பார்க்கிறார்கள். வகுப்பறைகளில் அது ஆண்டுதோறும் நடக்கிறது. ‘என்னால் இப்படி முடியாது’ என்று எந்தப் பக்கமும் குழந்தையை எட்டத் தள்ளவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பீட்டர் பனியில் நடந்து பார்க்கிறான். முதலில் கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறான். பிறகு உட்பக்கம் திருப்பி நடக்கிறான். தடங்கள் பக்கத்தின் ஓரம்வரை வரிசையாக விழுகின்றன. அடுத்து அவன் காலை இழுத்து இழுத்து நடக்க, இரண்டு நீளமான கோடுகள் உண்டாகின்றன. அதன் பிறகு மூன்றாவதாக ஒரு கோடு வருகிறது. அது எங்கிருந்து வந்தது? வாசிக்கும் குழந்தையின் விரல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்த் தேடுகிறது. அது பீட்டர் கண்டெடுத்த ஒரு குச்சி. அந்தக் குச்சியால் பனி சுமந்த மரத்தைத் தட்டுகிறான்; பனி அவன் தலையிலேயே விழுகிறது. காலும் குச்சியும் மரமும் தவிர வேறெதுவும் இல்லாமல், ஒரு ஆராய்ச்சியாளனின் காலைப் பொழுதை கீட்ஸ் நமக்குக் காட்டிவிடுகிறார். செய்து பார்ப்பதும், விளைவைக் கவனிப்பதும், மாற்றிச் செய்வதும் குழந்தைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று தெரிந்தவர் வரைந்த பக்கங்கள் அவை.

வண்ணத்தையும் பாருங்கள். பக்கத்தின் பெரும்பகுதி வெண்மை. அதன் நடுவில் கூரிய முனைத் தொப்பி வைத்த ஒரு சின்னச் சிவப்பு உருவம். பெரிய உலகத்தில் தான் எவ்வளவு சிறியவன் என்பதும், தான் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறான் என்பதும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் விளங்குகிறது.

தோல்வியும் உள்ள ஒரு நாள்

கதையில் என்னதான் நடக்கிறது? பெரிய பையன்கள் பனியுருண்டை எறிந்து சண்டை போடுகிறார்கள். பீட்டருக்குச் சேர்ந்துகொள்ள ஆசை. ஆனால் தனக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை என்று அவனுக்கே தெரிகிறது. விலகிப்போய்த் தனியாகப் பனி மனிதன் செய்கிறான். பனியில் படுத்துக் கைகால்களை அசைத்துத் தேவதை உருவம் பதிக்கிறான். மேட்டிலிருந்து சறுக்கி வருகிறான். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பனியுருண்டையை நாளைக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். குளித்துவிட்டுத் தூங்கப் போகும் முன் கையை விட்டுப் பார்க்கிறான். பை வெறுமையாக இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு பெரியவர் வந்து, பனி வெப்பத்தில் உருகும் என்று விளக்கம் சொல்லவில்லை. பேராசை கூடாது என்று அறிவுரையும் இல்லை. குழந்தையின் துக்கத்தைத் துக்கமாகவே கீட்ஸ் விட்டுவைக்கிறார். இரவில் வெயில் அடித்துப் பனியெல்லாம் கரைந்துபோனதாகக் கனவு வருகிறது. காலையில் எழுந்து பார்த்தால் பனி இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. எதிர்வீட்டு நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே போகிறான். முதல் நாள் தனியாகப் போனவன் இரண்டாம் நாள் துணையோடு போகிறான். இந்தச் சின்ன நகர்வு போதும். கதை முழுமை பெற்றுவிடுகிறது.

கேட்கும் குழந்தை மீண்டும் மீண்டும் அதே புத்தகத்தைக் கேட்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இழப்பு வரும் என்று தெரிந்தும், அது தாங்கக்கூடியதுதான் என்றும் தெரிந்து, அந்த இடத்தை மறுபடி கடந்துபோகக் குழந்தைக்கு ஆசை. பாதுகாப்பான ஒரு மடியில் உட்கார்ந்து இழப்பைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அது.

சொல்லாமல் விட்டதும் அதன்மேல் எழுந்த வழக்கும்

பீட்டர் கறுப்பினச் சிறுவன் என்று புத்தகத்தின் எழுத்தில் எங்கும் இல்லை. படத்தில் மட்டுமே இருக்கிறது. 1963இல் அமெரிக்கக் குழந்தை நூலகர்கள் வழங்கும் கால்டெகாட் பதக்கம் இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய மாபெரும் பேரணி நடந்த அதே ஆண்டு.

ஒரு வகுப்பாசிரியை கீட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் தங்களை வரையும்போது முதல் முறையாகப் பழுப்பு நிறக் கிரேயானை எடுக்கிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். அதுவரை அந்தக் கறுப்பினக் குழந்தைகள் தங்கள் முகத்தை இளஞ்சிவப்பில் தீட்டிவந்தார்கள். ஒரு படப்புத்தகம் செய்யக்கூடிய வேலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் நான்சி லாரிக் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை அறுபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களை அவர் கணக்கெடுத்திருந்தார். அவற்றில் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்ற நூல்கள் வெறும் 349, அதாவது 6.7 விழுக்காடு. அந்தக் கட்டுரையில் ‘தி ஸ்னோயி டே’ மீதும் குறை சொன்னார். சிறுவனின் இனத்தை எழுத்து குறிப்பிடவே இல்லை என்றார். பருத்த உடலும் பளிச்சென்ற கட்டம்போட்ட உடையுமாக வரும் அம்மாவின் உருவம், கறுப்பினப் பெண்களை வீட்டு வேலைக்காரிகளாகவே காட்டிவந்த பழைய சித்திரத்தை நினைவூட்டுகிறது என்பதும் அவர் கருத்து. வெள்ளையரான ஒருவர் கறுப்பினக் குழந்தையின் கதையை எழுதலாமா என்ற கேள்வியும் அந்த ஆண்டுகளில் எழுந்தது.

கீட்ஸ் பதில் எழுதினார். மூன்று வயது முதல் ஆறு வயது வரையான குழந்தைகளின் புத்தகத்தில் தோலின் நிறமே யாரென்று சொல்லிவிடும்போது, அதன்மேல் சொல்லால் முத்திரை குத்த வேண்டுமா என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், எழுத்தைப் பற்றிய வழக்கில் கீட்ஸ் பக்கம் நிற்பேன். வெள்ளைக் குழந்தையை ‘வெள்ளைக் குழந்தை’ என்று எந்தப் புத்தகமும் அறிமுகப்படுத்துவதில்லை. பீட்டருக்கும் அதே உரிமையைக் கொடுத்ததுதான் இந்தப் புத்தகத்தின் மரியாதை. அம்மாவின் உருவத்தைப் பற்றிச் சொன்னதில் லாரிக்கின் கவலைக்கு நியாயம் உண்டு. ஒரு சமூகத்தைப் பல தலைமுறையாகக் கேலிச் சித்திரமாக வரைந்த பிறகு, அன்போடு வரைந்த கோடும் அந்த நிழலில் விழுந்துவிடும். அந்த நிழலை அகற்ற ஒரே வழி, அந்தச் சமூகத்தின் கைகளே வரைவது. அதுவும் நடந்தது. 1969இல் ஜான் ஸ்டெப்டோ என்ற கறுப்பின இளைஞர், பதின்ம வயதிலேயே, ‘ஸ்டீவி’ என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். 1976இல் லியோ டில்லன், மனைவி டயானுடன் சேர்ந்து, கால்டெகாட் பெற்ற முதல் கறுப்பின ஓவியர் ஆனார். பீட்டர் திறந்த கதவு என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. கதவைத் தள்ளியவர்கள் பலர்; பீட்டர் அவர்களில் ஒருவன் என்று சொல்வதே சரி.

புத்தகத்தைக் காத்தவர்கள்

நல்ல புத்தகம் தானாகவே நிலைக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். அப்படி நடப்பதில்லை. அதே நியூயார்க் நூலகப் பட்டியலில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947இல் வந்த ‘குட்நைட் மூன்’ உலகப் புகழ்பெற்ற படப்புத்தகம். அது முதல் பத்தில் இல்லை. காரணம், அந்த நூலகத்தில் குழந்தைப் பிரிவின் செல்வாக்கு மிக்க நூலகராக இருந்த ஆன் கரோல் மூருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. 1972 வரை நூலகம் அதை வாங்கவே இல்லை. நூலகம் தவறை ஒப்புக்கொண்டு, பட்டியலோடு அதற்கென்று தனிக் குறிப்பும் சேர்த்தது. ஒரு அலமாரியில் கால் நூற்றாண்டு இடம் கிடைக்காததன் விலை அது.

‘தி ஸ்னோயி டே’ வெளிவந்த நாளிலிருந்து அந்த நூலகத்தின் அலமாரியில் இருந்துவருகிறது. நூலகர்கள் பதக்கம் கொடுத்தார்கள், வாங்கினார்கள், கதை நேரத்தில் வாசித்தார்கள், பிய்ந்துபோனதும் புதுப்பிரதி வாங்கினார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் இரவல்களில் ஒவ்வொன்றும், புத்தகம் வாங்கக் காசில்லாத வீட்டுக்கும் காசுள்ள வீட்டுக்கும் ஒரே அட்டையில் போனது. கீட்ஸின் அப்பா போன்ற ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கும் அது கிடைத்திருக்கும்.

கீட்ஸும் பீட்டரை ஒரு புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. ஏழு புத்தகங்களில் அவன் வருகிறான். வளர்கிறான், விசிலடிக்கக் கற்றுக்கொள்கிறான், தங்கை பிறந்ததும் தன் நாற்காலியை விட்டுக்கொடுக்கிறான். கீட்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. 1983இல் மறைந்தார். தன் புத்தகங்களின் உரிமைத்தொகை தன் பெயரிலான அறக்கட்டளைக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். அது இன்றும் பொதுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சிறு நிதியுதவி தருகிறது. புதிய படப்புத்தக எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் விருது வழங்குகிறது. 2017இல் அமெரிக்க அஞ்சல் துறை பீட்டரின் படங்களோடு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. ஒரு காபிக் கடைப் பணியாளர் மகனுக்காக வாங்கிவந்த வண்ணக் குழாய்களின் பலனை, அவர் பார்த்தே இராத பிள்ளைகள் இன்று அனுபவிக்கிறார்கள்.

நிறைவாக

அவையில் படப்புத்தகம் எழுதுபவர்களும் வரைபவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, எந்தக் குழந்தை இன்னும் நம் பக்கங்களுக்குள் வரவில்லை என்று தேடுங்கள். அதன் துயரத்தைச் சொல்லும் கதை மட்டும் அதற்குப் போதாது. விளையாட்டையும் சோம்பலையும் சின்னப் பேராசையையும் கொண்ட ஒரு சாதாரண நாளும் அதற்கு உரியது. இரண்டாவது, அவசரப்படாதீர்கள். ஒரு முகம் இருபது ஆண்டு காத்திருந்து புத்தகமானது. மூன்றாவது, படம் சொல்வதை எழுத்தில் மறுபடி சொல்லாதீர்கள். குழந்தையின் கண்ணை நம்புங்கள்.

நூலகர்களுக்கு ஒரு சொல். உங்கள் வாங்கும் பட்டியலில் நீங்கள் எழுதும் ஒரு பெயரும், எழுதாமல் விடும் ஒரு பெயரும் ஒரு தலைமுறையின் நினைவைத் தீர்மானிக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அழுக்குப்படாமல் இருக்கும் படப்புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை. பிள்ளைகள் கையில் கொடுத்துக் கிழியவிடுங்கள். கிழிந்தால் இன்னொன்று வாங்குங்கள்.

 குழந்தைக்குப் பாடம் சொல்ல ஊரே இருக்கிறது. அதற்கு ஒரு நாளை முழுதாகக் கொடுக்கும் புத்தகங்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை எழுதுபவருக்கும் வரைபவருக்கும் பதிப்பிப்பவருக்கும் நூலகருக்கும் சம பங்கு உள்ள வேலை.